லீவு மாத்திரை

அந்த வீட்டில் கிழமை தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான். அவள் புருஷனுக்கு எல்லா நாளும் ஒரே நாள். தெருவைப் பார்த்த முன்னறையில் சோபாவைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, பழைய துணியை உரித்து, ஸ்பாஞ்சு வெட்டி வைத்து, புது ரெக்சினை இழுத்து ஆணி அடிக்கிற வேலை. வந்த சோபா எப்போது திரும்பிப் போக வேண்டும் என்பது தெரியும். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் வாயில் கவ்விய குட்டி ஆணிகளோடு 'ம்ம்' என்பார், அவ்வளவுதான். பக்கத்தில் தையல் மிஷினில் உட்கார்ந்து குஷன் உறை தைக்கும் அவருடைய அக்காவும் இதில் தம்பிக்குச் சளைத்தவள் இல்லை. கிழமை தெரிந்து நான் என்ன கப்பலா ஏறப்போகிறேன் என்பாள்.

அவளுக்கு அப்படி இருக்க முடியாது. அவள் வேலை செய்தது பெரிய சலவைக்கூடத்தில். ஊரிலிருக்கிற லாட்ஜுகளின் படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் வந்து குவியும். துவைத்துப் பிழிந்த விரிப்பை, ஆவியில் கொதிக்கிற உருளைகளுக்கு நடுவே இரண்டு பேர் முனையைப் பிடித்துக் கொடுப்பார்கள். அந்தப் பக்கம் சூடாக வெளியே வருவதை இரண்டு பேர் வாங்கி மடிப்பார்கள். இவள் வாங்குகிற பக்கம். இவள் மடித்த அடுக்கில் ஒரு ஓரம்கூடத் துருத்திக்கொண்டு நிற்காது. அதனால் அங்கே இவளுக்கு 'மடிப்பு' என்றே பெயர். சனி, ஞாயிறு கூட்டத்தின் விரிப்புகள் திங்களன்று மலையாக வரும், அதை முடித்துவிட்டுச் செவ்வாயன்று மிஷினுக்கும் ஆட்களுக்கும் ஓய்வு. ஆக, அவள் வீட்டில் இருந்தால் செவ்வாய், இல்லாவிட்டால் வேறு ஏதோ ஒரு நாள். புருஷனும் நாத்தனாரும் கிழமை பார்த்தது அப்படித்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் விரல் கணுக்கள் வீங்க ஆரம்பித்தன. வேலை அதிகம், சூடு அதிகம் என்று முதலில் தைலம் தேய்த்துப் பார்த்தார்கள். பிறகு மணிக்கட்டு, முழங்கால் என்று பரவியது. காலையில் எழுந்தால் இரண்டு கையும் யாரோ கட்டிப் போட்டது மாதிரி விறைத்திருக்கும். டம்ளரைப் பிடிக்க முடியாது, பின் குத்த முடியாது, தலைமுடியை, அண்ணி என்று அவள் கூப்பிடுகிற அந்த நாத்தனார்தான் பின்னிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா, இது தேய்மானம் இல்லை, உடம்பே தன் மூட்டைத் தானே கடிக்கிற வியாதி, வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மாத்திரை கொடுக்கிற ஜன்னலில் இருந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். இந்த மஞ்சள் மாத்திரை நாலும் சேர்த்து வாரத்துக்கு ஒரே ஒரு நாள். மற்ற நாட்களில் இந்த வெள்ளை மாத்திரை ஒன்று. மஞ்சள் சாப்பிட்டால் சிலருக்கு அசதியாக இருக்கும், உங்களுக்கு எந்த நாள் லீவு என்று கேட்டாள். செவ்வாய் என்றாள் இவள். அப்படியானால் லீவு நாளில் போட்டுக்கொள்ளுங்கள், படுத்துக்கொள்ளலாம் என்றாள் அந்தப் பெண். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி அட்டை இரண்டையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மருந்தின் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. "இதெல்லாம் யாரு சொல்றது? வெள்ளை வேலை மாத்திரை, மஞ்சள் லீவு மாத்திரை. முடிஞ்சுது" என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். அன்றையிலிருந்து அந்த வீட்டில் அந்தப் பெயர்தான்.

காலையில் அவள் விரலால் அட்டையைக் கிழிக்க முடியாது. அதனால் கிழித்துக் கொடுப்பது அவர் வேலையாயிற்று. கஞ்சியோ ரொட்டியோ சாப்பிட்டு முடித்ததும் அவள் உள்ளங்கையை நீட்டுவாள்.

"வேலையா, லீவா?" என்பார்.

"வேலை" என்றால் வெள்ளை. "லீவு" என்றால் மஞ்சள் நாலு. இதில் இரண்டு வருஷம் ஒரு பிசகும் வரவில்லை. வீக்கம் வடிந்தது. அவளே தலை பின்னிக்கொண்டாள். சலவைக்கூடத்து மேஸ்திரி மறுபடியும் மடிப்பு, மடிப்பு என்று கூப்பிட ஆரம்பித்தார். பெண்டாட்டி கைக்கு மருந்து கொடுப்பவன் என்று அவருக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். மூன்று மாசத்து மாத்திரையைத் தெருமுனை மருந்துக்கடையில் மொத்தமாக வாங்கிவந்து ஆணி டப்பாக்கள் இருக்கிற அலமாரியின் மேல் தட்டில் வைத்திருந்தார்.

அப்புறம் சலவைக்கூடத்தில் பாய்லர் பழுதாகிவிட்டது. குழாய் பிளந்து ஆவி பீய்ச்சியடித்ததில் நல்ல காலம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வெளியூரிலிருந்து சாமான் வந்து மாட்டுகிற வரைக்கும் கூடத்தைத் திறக்க முடியாது, சொல்லி அனுப்புகிறோம் என்று எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை சாப்பிட்டுவிட்டு அவள் கையை நீட்டினாள்.

"வேலையா, லீவா?"

"லீவுதான். பாய்லர் சரியாகிற வரைக்கும் தினமும் லீவுதான்" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

அவர் மஞ்சள் நாலைக் கிழித்து அவள் கையில் போட்டார். அவள் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அண்ணி மிஷின் மிதித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். மூன்று பேரும் கண் நிறையப் பார்த்துக்கொண்டுதான் அது நடந்தது, ஒருத்தருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

முதல் சில நாள் வீடு கலகலவென்றுதான் இருந்தது. அவள் முன்னறையில் வந்து உட்கார்ந்துகொண்டு குஷனுக்குப் பஞ்சு திணித்தாள். அண்ணி தைத்த உறையின் மூலையைப் பிரித்துக் காட்டி, சலவைக்கூடத்தில் இப்படி மடித்தால் வேலையை விட்டே தூக்கிவிடுவார்கள் என்று வம்பிழுத்தாள். கையில் வலியும் இல்லை. ஓய்வெடுத்தால் உடம்பு எப்படித் தேறுகிறது பார் என்று அண்ணி தம்பியிடம் சொன்னாள்.

பிறகு ஒரு நாள் அவள் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டாள். வாய் எரிகிறதாம். மறுநாள் உதட்டை மடித்துக் காட்டினாள். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புண். அவர் அப்போது சோபா முதுகுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார், வாய் நிறைய ஆணி. எட்டிப் பார்த்து 'ம்ம்' என்றார். சும்மா உட்கார்ந்திருந்தால் சூடு ஏறத்தானே செய்யும் என்று அண்ணி மோர் கரைத்துக் கொடுத்தாள். மோர் பட்டதும் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்கப்புறம் கஞ்சியும் இறங்கவில்லை. நாக்கு தடித்துப் பேச்சுக் குழறியது. எழுந்திருக்கச் சோம்பலாக இருக்கிறது என்று படுத்தே கிடந்தாள். ஆனால் மாத்திரையை மட்டும் அவர் விடவில்லை. சாப்பாட்டை வேண்டுமானால் வேண்டாமென்று சொல், மருந்தை வேண்டாமென்று சொல்லாதே என்று அதட்டித் தலையைத் தாங்கிப் பிடித்து ஒவ்வொன்றாக விழுங்க வைத்தார். அவளும் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள். உடம்பு மோசமாகிறபோது மருந்தைச் சரியாகக் கொடுப்பதுதானே முக்கியம் என்று நினைத்தார் மனுஷர்.

ஒரு நாள் காலையில் அவளைத் தூக்கி உட்கார வைத்தபோதுதான் முதலில் பயந்தார். முந்தின நாள் அவர் பிடித்துத் தூக்கிய இடத்தில், புஜத்தில், அவருடைய நாலு விரலும் நீலமாகப் பதிந்திருந்தன. அவர் ஒன்றும் அழுத்திப் பிடிக்கவில்லை. தொட்டுப் பார்த்தார், உடம்பு சுட்டது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். 

மருந்தைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்று அலமாரியில் கையை விட்டார். மஞ்சள் அட்டை காலி. வெள்ளை அட்டையில் நிறைய மிச்சம் கிடந்தது. ஒரு வேளைகூடத் தவறக் கூடாதே என்று சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடினார்.

கடையில் கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி இருந்தாள். சிரிக்காத ஆள். காலி அட்டையை வாங்கிப் பார்த்து, டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த சீட்டையும் பார்த்தாள்.

"போன தடவை மூணு மாசத்துக்கு வாங்கியிருக்கீங்களே. அதெல்லாம் எங்கே?"

"தீர்ந்துபோச்சும்மா."

"எப்படித் தீரும்? எப்படிச் சாப்பிடறாங்க?"

"சொன்ன மாதிரிதாம்மா. லீவு நாள்ல மட்டும்தான் கொடுக்கறேன்."

"வாரத்துல எத்தனை நாள் லீவு?"

"முன்னாடி ஒரு நாள்தான். இப்ப பாய்லர் போனதுலேருந்து தினமும்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். சொல்லும்போதுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. அந்த அம்மாள் அட்டையைக் கீழே வைத்தாள்.

"வாய்ல புண் இருக்கா?"

"இருக்கு."

"காய்ச்சல்?"

"இன்னைக்குச் சுடுது. கையில நீலம் நீலமா..."

அவள் மேஜையின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தாள். எத்தனையோ வருஷமாக அந்தக் கடைக்குப் போகிறார், அவள் வெளியே வந்து அவர் பார்த்ததில்லை. 

"ஒண்ணுகூட இனிமே கொடுக்காதீங்க. வீட்டுல உட்கார்ந்து யோசிக்காதீங்க. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இந்தக் காலி அட்டையை டாக்டர்கிட்டக் காட்டி, தினமும் சாப்பிட்டாங்கன்னு முதல் வார்த்தையாச் சொல்லுங்க. புரியுதா? முதல் வார்த்தையா."

புரிகிறது என்று தலையாட்டினார். வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று பிறகு கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தெருவில் யாரோ சோபா ரெடியா என்று கேட்டதும், பதில் சொல்லாமல் போகிறாரே என்று பின்னால் முணுமுணுத்ததும் மட்டும் ஞாபகம் இருந்தது. நான் கொடுத்தேன், என் கையால் கொடுத்தேன், தலையைப் பிடித்து விழுங்க வைத்தேன் என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டி முதல் வார்த்தையாகச் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு எழுந்துவிட்டார். அப்புறம் எல்லாம் வேகவேகமாக நடந்தது. ரத்தம் எடுத்தார்கள், கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள், அவளைத் தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். வாசலில் நின்றுகொண்டு டாக்டரம்மா சொன்னார். இந்த மருந்து வாரத்துக்கு ஒரு தடவை போனால் மூட்டைக் காப்பாற்றும். தினமும் போனால் ரத்தம் ஊறுகிற இடத்தையே வற்ற வைத்துவிடும். புண்ணை ஆற்றவும், கிருமியோடு சண்டை போடவும், ரத்தத்தை உறைய வைக்கவும் உடம்பில் ஆள் இல்லாமல் போய்விடும். அதை முறிக்கிற மருந்து கொடுத்திருக்கிறோம். கொஞ்சம் தாமதமாகத்தான் வந்திருக்கிறீர்கள்.

"பொழைச்சிடுவாளா டாக்டர்?"

"ரத்த அணுக்களோட எண்ணிக்கை இறங்கறது நிக்கணும். நின்னாத்தான் சொல்ல முடியும்."

"நான்தான் டாக்டர் கொடுத்தேன்."

டாக்டரம்மா அந்தக் காலி அட்டையைச் சீட்டோடு சேர்த்துச் செருகினார். "உண்மையைச் சொன்னீங்க. சொல்லாம விட்டிருந்தா நாங்க வேற எதையோ தேடிக்கிட்டு இருந்திருப்போம்" என்றார். அவருக்கு அது ஆறுதலாகவே இல்லை.

தினமும் காலையில் ரத்தம் எடுத்துப் போவார்கள், மத்தியானம் சீட்டு வரும். சீட்டில் இருப்பதை அவருக்குப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரியாது. அதனால் அதை வாங்கிப் பார்க்கிற நர்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முதல் நாள் இறங்கியிருந்தது. அடுத்த நாள் இன்னும் இறங்கியிருந்தது. இனி இறங்க என்ன இருக்கிறது என்று பயமாக இருந்தது. நடைபாதையில் யாராவது இருமினால்கூட, அந்த இருமல் கதவிடுக்கு வழியாக அவளிடம் போய்விடுமோ என்று எழுந்து போய்க் கதவை மறைத்துக்கொண்டு நின்றார். நின்று என்ன பிரயோஜனம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

அக்கா பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து அவள் வாயில் ஒரு கிண்டல் வரவில்லை.

"டேய் தம்பி" என்றாள் இரண்டாம் நாள். "அந்தப் பேரை வச்சது நான்தானே?"

"சும்மா இருக்கா."

"அட்டை மேலயே என்னமோ போட்டிருந்தது. படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கணும். நான் பெரிய இவளாட்டம் பேர் வச்சேன்."

 இல்லை அக்கா, உன் தப்பு இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லக்கூட அவருக்கு அப்போது தெம்பு இல்லை.

மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு, கையைக் கழுவிக்கொண்டு, கொஞ்ச நேரம் மட்டும் உள்ளே விடுவார்கள். உதடு வெடித்து ரத்தம் உறைந்து அவள் முகமே மாறியிருந்தது. தனக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்பாள், கேட்காமல் இருக்க மாட்டாள் என்று பயந்துகொண்டேதான் ஒவ்வொரு தடவையும் போவார். கேட்டேவிட்டாள். அவர் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். வாரத்துக்கு ஒரு நாள் கொடுக்க வேண்டியதைத் தினமும் கொடுத்துவிட்டேன் என்றார். சொல்லி முடிக்கிறதற்குள் அழுகை வந்துவிட்டது.



"மஞ்சள்னு நானும் பார்த்துக்கிட்டுதானே முழுங்கினேன்" என்றாள். ஒவ்வொரு சொல்லும் வலித்து வலித்து வந்தது. "லீவுதானேன்னு நானும்தான் நெனச்சேன். கிழமை தெரிஞ்சவ நான் ஒருத்திதானே."

"நான்தானே கையில போட்டேன்."

"நான்தானே கையை நீட்டினேன். அழாதீங்க. உங்களைப் பார்த்தா எனக்கும் அழுகை வருது, அழுதா வாய் எரியுது."

அவர் முகமூடியோடு சேர்த்து வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அதற்கடுத்த நாள் சீட்டு வந்தபோது நர்ஸ் அதை இரண்டு தடவை பார்த்தாள். இறங்கவில்லை, அப்படியே நிற்கிறது என்றாள். நின்றால் நல்லதா கெட்டதா என்று கேட்டார். நல்லதுதான் என்றாள். அப்படியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அதற்கடுத்த நாள் கொஞ்சம் ஏறியது. அவள் ஆறிய கஞ்சி இரண்டு கரண்டி குடித்தாள் என்று கேட்ட பிறகுதான் அக்கா பெஞ்சை விட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். பாய்லர் எப்போதோ சரியாகியிருந்தது, மேஸ்திரி ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார். எங்கே போவது? புண் ஆறிக்கொண்டு வர வர, பழைய வியாதி மறுபடி வந்துவிட்டது. மஞ்சளை நிறுத்தி வைத்திருந்தார்களே, வியாதி சும்மா இருக்குமா? விரல் கணு எல்லாம் புடைத்து, முழங்கால் மடங்காமல், காலையில் அவளைக் கட்டிலிலிருந்து இறக்குவதே பெரும்பாடாயிற்று. வலிக்கிறது என்று அவள் சொல்ல மாட்டாள், புரண்டு படுக்கும்போது மூச்சை மட்டும் இழுப்பாள். அந்த மாத்திரை இருந்தால் இந்த வலி இருக்காது என்று அவருக்குத் தெரியும். ஆணி எடுக்க அலமாரியைத் திறந்தாலும் மேல் தட்டை அவர் பார்க்க மாட்டார். ஆணியைக்கூட இப்போது வாயில் கவ்வுவதில்லை, தட்டில் கொட்டிவைத்து ஒவ்வொன்றாக எடுத்து அடித்தார்.

ரத்தம் சரியாகிவிட்டது, மறுபடி ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டரம்மா. நாலு வேண்டாம், இரண்டு போதும், ரத்தம் பார்த்துப் பார்த்துக் கூட்டலாம். ஒரு தடவைக்கு வேண்டியதை மட்டும்தான் கையில் கொடுப்போம், வாரா வாரம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னார்.

"லீவு நாள்னு சொல்லாதீங்க. செவ்வாய்க்கிழமைன்னு சொல்லுங்க. வேலை இருந்தாலும் செவ்வாய், இல்லாட்டியும் செவ்வாய். ஒரு செவ்வாய் மறந்து போனா டபுளாப் போடாதீங்க, எங்களைக் கேளுங்க. வாய்ல சின்னப் புண் வந்தாலும், காய்ச்சல் வந்தாலும், மாத்திரையை நிறுத்திட்டு ஓடி வாங்க."

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு, நடைபாதையில் வரும்போது எல்லாவற்றையும் அக்காவிடம் ஒப்பித்துக் காட்டினார்.

செவ்வாய் வந்தது. அவள் கஞ்சி குடித்துவிட்டு, முழங்கை தொடையில் இருக்க, உள்ளங்கையை நீட்டினாள். விரல்கள் முழுசாக விரியவில்லை. அவர் மஞ்சள் இரண்டு இருந்த அட்டைத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்" என்றாள்.

அக்காவைப் பார்த்தார். அவள் மிஷினை நிறுத்திவிட்டு, "செவ்வாய்தாண்டா. நேத்தே நாலு பேரைக் கேட்டு வச்சுட்டேன்" என்றாள். அப்படியும் அவர் வாசலுக்குப் போய், சைக்கிளை நிறுத்திப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் கேட்டார். பால்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துச் செவ்வாய் என்றார். எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டார். அவரும் அதையே சொன்னார். பேப்பர் இருந்தால் கொடுங்கள் என்று வாங்கித் தேதிக்குப் பக்கத்தில் இருந்த கிழமையை விரல் வைத்துப் படித்தார்.

உள்ளே வந்தார். அட்டையைக் கிழித்தார். மாத்திரை இரண்டும் அவர் கையில் விழுந்தன. அங்கிருந்து அவள் கைக்குப் போகவில்லை.  அவள் உதட்டோரத்தில் ஆறிய வடு இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது. போனவாரம் போட்டோமா, நேற்றுப் போட்டோமா, இது மஞ்சளா, இது இரண்டா என்று ஒவ்வொன்றாகப் பயம் வந்தது. எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்தும் பயம் போகவில்லை.

"என்னால முடியலம்மா" என்றார். "அக்கா கொடுக்கட்டும்."

அக்கா எழுந்திருக்கவில்லை. அவள் கையும் மிஷின் மேல் அப்படியே இருந்தது.

பெண்டாட்டி நீட்டிய கையை மடக்கவில்லை. கணுக்கள் சிவந்து, கட்டைவிரல் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம் இப்படியே நீட்டிக்கிட்டு இருக்கறது?" என்றாள். "கை வலிக்குதுங்க."

அவர் இரண்டு மாத்திரையையும் அவள் உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் மூட வரவில்லை. அவரே ஒவ்வொன்றாக மடக்கிவிட்டு, அந்தக் கையைப் பிடித்தபடியே அவள் வாய்வரைக்கும் கொண்டுபோனார்.